ஸ்டீராய்டு கூட்டியும் அடங்காத இழைப்பு: சளியில் புழு வந்தது எப்படி?

கேள்வி: காவிரி டெல்டாவில் விவசாயம் செய்யும் என் அப்பாவுக்கு வயது 58. வாயிலும் தோலிலும் கொப்புளம் வரும் பெம்பிகஸ் நோய்க்காக இரண்டு மாதங்களாகத் தினமும் 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவந்தார். கொப்புளங்கள் ஆறின. ஆனால் வயிற்றுவலி, பசியின்மை, இருமல், இழைப்பு என ஒவ்வொன்றாக வந்தன. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்து ஸ்டீராய்டையும் கூட்டினார்கள். மூச்சுத்திணறல் முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். காசநோய்ப் பரிசோதனைக்காக அனுப்பிய சளியில் புழுக்கள் இருப்பதாக ஆய்வகத்திலிருந்து சொன்னார்கள். ஐவர்மெக்டின் கொடுத்த பிறகு தேறி வீடு திரும்பியிருக்கிறார். குடற்புழு நுரையீரலுக்கு எப்படி வந்தது? முன்பு எடுத்த மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்களே, வருடந்தோறும் பூச்சி மாத்திரையும் போட்டாரே? கொப்புள நோய்க்கு ஸ்டீராய்டைத் தொடர வேண்டியிருப்பதால் மறுபடியும் வருமா? உடன் இருக்கும் அம்மாவுக்கும் என் நான்கு வயது மகனுக்கும் தொற்றுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தந்தையார் தேறி வீடு திரும்பியது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தருகிறது. அவருக்கு வந்தது ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் புழுவின் மிகைத்தொற்று, அதாவது உடலுக்குள்ளேயே புழு கட்டுமீறிப் பெருகிவிடும் நிலை. நுரையீரலில் இந்த அளவுக்குப் பெருகிய பிறகு உரிய மருந்து கிடைக்காதவர்களில் மிகப் பெரும்பாலோர் இறந்துவிடுகிறார்கள்; மருந்து தாமதமாகக் கிடைத்தவர்களிலும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை. வேறொன்றைத் தேடி அனுப்பப்பட்ட சளியில் கண்ணில் பட்டதைப் புறந்தள்ளாமல், புழு என்று அடையாளம் கண்டு உடனே தெரிவித்த அந்த ஆய்வகப் பணியாளருக்கு உங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

புழு நுரையீரலுக்கு வழிதவறி வந்துவிடவில்லை. அதன் வாழ்க்கைச் சுற்றே நுரையீரல் வழியாகத்தான் நடக்கிறது. மனித மலம் கலந்த ஈரமண்ணில் அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள இளம்புழுக்களாகக் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, காற்றுப்பைகளுக்குள் வெளிப்பட்டு, மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, நாம் அறியாமலே விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேர்கின்றன. அங்கே இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பெண்புழுக்களாக வளர்ந்து, ஆண்புழுவின் துணை இல்லாமலே குடலின் உட்படலத்துக்குள் முட்டையிடுகின்றன.

இதுவரை சொன்ன பாதை ஏறக்குறைய கொக்கிப்புழுவுக்கும் உரியதுதான். வேறுபாடு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியேறி மண்ணில்தான் பொரியும் என்பதால், வெளியிலிருந்து புதிதாகப் புழு நுழைந்தாலன்றி ஒருவர் உடலில் அதன் எண்ணிக்கை கூடாது. ஸ்ட்ராங்கிலாய்டஸின் முட்டையோ குடலுக்குள்ளேயே பொரிந்துவிடுகிறது. அப்படி வரும் இளம்புழுக்களில் பெரும்பாலானவை மலத்தோடு போய்விடும். ஒரு சில மட்டும் வெளியேறும் முன்பே அடுத்த பருவத்துக்கு முதிர்ந்து, பெருங்குடல் சுவரையோ ஆசனவாயைச் சுற்றிய தோலையோ துளைத்து மீண்டும் இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக அதே சுற்றை மறுபடி தொடங்கும். ஒருவர் தம்மிடமிருந்தே தமக்குத் தொற்றிக்கொள்ளும் இந்தத் தன்மையால், சேற்றில் காலே வைக்காமல் இருந்தாலும் இப்புழு பல பத்தாண்டுகள் ஒருவரது உடலில் தொடர்ந்து வாழ முடிகிறது.

எத்தனை காலம் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1876இல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில், அன்று கொச்சின்சைனா எனப்பட்ட தென் வியட்நாமிலிருந்து ஓயாத வயிற்றுப்போக்குடன் திரும்பிய படைவீரர்களிடம் லூயி நோர்மான் என்ற கடற்படை மருத்துவர் இப்புழுவை முதன்முதலில் கண்டார். பின்னாளில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளை நாடு திரும்பிய பல ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்தபோது, பத்தில் ஒருவருக்கும் மேற்பட்டவர்களிடம் இப்புழு இருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்தும் சிலரிடம் அது உயிரோடு இருந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கில் அங்கே கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்களும் அதே சேற்றில்தான் நின்றார்கள் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் தந்தையார் எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. கழிப்பறைகள் பரவலாக வருவதற்கு முந்தைய காலத்தில், வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் வெறுங்காலோடு நடந்த சிறுவயதிலேயே இது அவர் உடலில் புகுந்திருக்கக்கூடும்.

அவ்வளவு காலமும் அது அடங்கியிருந்ததற்குக் காரணம் அவருடைய நோய் எதிர்ப்பாற்றல். ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களும் அவற்றை ஏவுகிற டி-அணுக்களும் சேர்ந்து, தப்பி வரும் இளம்புழுக்களின் எண்ணிக்கையை ஓர் அளவுக்குள் வைத்திருந்தன. பலருக்கு இந்நிலையில் எந்தத் தொந்தரவும் தெரியாது. சிலருக்கு அவ்வப்போது மேல்வயிற்றில் எரிச்சலும், பிட்டத்திலோ தொடையிலோ சிவந்த கோடாக நெளிந்து, மணிக்குப் பல சென்டிமீட்டர் வேகத்தில் இடம் நகர்கிற அரிப்பும் வந்து மறையும். அப்படி ஓர் அரிப்பு எப்போதாவது வந்ததுண்டா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டீராய்டு மேற்சொன்ன இரண்டு வகை அணுக்களையும் குறைத்துவிடுகிறது. அதோடு, அதன் சிதைபொருள்கள் இளம்புழு தோலுரித்து முதிர்வதற்கான சமிக்ஞையாகவே புழுவின்மீது செயல்படக்கூடும் என்ற கருத்தும் உண்டு. தடை நீங்கியதும், அதே உடலை மறுபடி தொற்றும் புழுக்கள் சிலவாக இருந்த நிலை மாறி ஆயிரக்கணக்கில் ஆகிவிடுகின்றன; அத்தனையும் நுரையீரலைக் கடந்தாக வேண்டும். காற்றுப்பைகளைக் கிழித்துக்கொண்டு அவை வெளிவரும்போது இருமலும், இழைப்பும், சில வேளை சளியில் இரத்தமும், எக்ஸ்ரேயில் நிமோனியாவைப் போன்ற நிழல்களும் தோன்றுகின்றன. குடலிலிருந்து கிளம்பும்போது ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் பாக்டீரியாக்களையும் உடன் எடுத்துச் செல்வதால், இரத்தத்தில் நச்சுத்தொற்றும் மூளையுறைக் காய்ச்சலும் வரலாம். இந்நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த பாக்டீரியாத் தொற்றுதான். புற்றுநோய் மருந்துகள், உறுப்பு மாற்றத்துக்குப் பிந்தைய மருந்துகள், எச்.டி.எல்.வி-1 என்ற வைரஸ் ஆகியவையும் இந்நிலைக்கு வழிசெய்யும். எனினும் உலகெங்கும் பதிவானவற்றில் முதன்மையான காரணம் ஸ்டீராய்டே. அதற்குப் பல மாதங்கள் ஆகவேண்டும் என்பதுமில்லை. ஓரிரு வாரங்கள் மட்டுமே ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் இது வந்திருக்கிறது.

ஆஸ்துமா என்று முதலில் முடிவுசெய்தது குறித்து உங்கள் கடிதத்தில் தெரியும் வருத்தம் எனக்குப் புரிகிறது. இழைப்போடு வருபவரை ஸ்டெத்தாஸ்கோப் வைத்துக் கேட்டால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அந்த மருத்துவர்மீது நான் குற்றம் காணமாட்டேன். ஆனால் என்னைப் போன்ற நுரையீரல் மருத்துவர்கள் இளம் மருத்துவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டிய பாடம் ஒன்று இதில் இருக்கிறது. தினமும் 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்பது கடுமையான ஆஸ்துமாவையே அடக்குவதற்கு நாங்கள் தரும் அளவு. அதை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, வாழ்நாளில் இல்லாத இழைப்பு 58 வயதில் முதன்முறையாகத் தொடங்குகிறது என்றால், அது ஆஸ்துமாவாக இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. கூடவே வயிற்றுவலியும் இருந்து, ஸ்டீராய்டைக் கூட்டியதும் இழைப்பும் கூடினால், அடுத்த மாத்திரையை எழுதும் முன் சளியையும் மலத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தே ஆகவேண்டும்.

ஈசினோஃபில் எண்ணிக்கையை நம்பி ஏமாறுவதும் இங்கே நிகழ்கிறது. புழு என்றால் ஈசினோஃபில் உயர்ந்திருக்கும் என்றே எல்லோரும் படித்திருக்கிறோம்; புழு அடங்கியிருக்கும் காலத்தில் அது பலருக்கு உண்மையும்கூட. மிகைத்தொற்றின்போதோ, ஸ்டீராய்டு அந்த அணுக்களை அழுத்திவிட்டதால் எண்ணிக்கை இயல்பாகவோ பூச்சியமாகவோ இருக்கும். அந்தத் தாளைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு ஒன்றுமில்லை.

மலப் பரிசோதனை ஏன் காட்டவில்லை என்று கேட்டீர்கள். அடங்கியிருக்கும் காலத்தில் இப்புழு மிகக் குறைவான இளம்புழுக்களையே, அதுவும் விட்டுவிட்டு, மலத்தில் வெளியேற்றும். ஒரே ஒரு முறை கொடுத்த மலத்தைச் சாதாரண முறையில் பார்த்தால், தொற்று உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களை அது தவறவிட்டுவிடும். வெவ்வேறு நாள்களில் எடுத்த பல மாதிரிகளைப் பார்ப்பதும், மலத்தை அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் வைத்து, ஊர்ந்து செல்லும் இளம்புழுக்கள் விட்டுச்செல்லும் தடங்களைத் தேடுவதும் இதைவிட நம்பகமானவை. இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் காணும் எலைசா பரிசோதனையும் பயனுள்ளது. எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களிடம் அதுவும் பொய்யாக இல்லை என்று காட்டக்கூடும் என்பதால், ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே அதைச் செய்வது நல்லது. மிகைத்தொற்று வந்துவிட்ட பிறகு நிலைமை நேர்மாறு: அப்போது சளியிலும் மலத்திலும் புழுக்கள் ஏராளமாக இருக்கும், தேடுபவர் இருந்தால் போதும்.

பூச்சி மாத்திரையைப் பொறுத்தவரை, தேசியக் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்குத் தருவதும் பெரியவர்கள் கடையில் வாங்கிப் போடுவதும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே வேளை. உருளைப்புழுவுக்கு அது மிக நன்றாகவும் கொக்கிப்புழுவுக்கு ஓரளவு நன்றாகவும் வேலை செய்யும். ஸ்ட்ராங்கிலாய்டஸை அந்த ஒரு மாத்திரை ஒழிக்காது. நாள்தோறும் இருவேளையாக ஒரு வாரம் கொடுத்தாலும் ஐவர்மெக்டினுக்கு அது ஈடாவதில்லை. ஆகவே வருடந்தோறும் பூச்சி மருந்து சாப்பிட்டவர் என்பதால் இப்புழு இருக்காது என்று எந்த மருத்துவரும் முடிவுகட்டிவிடக் கூடாது.

ஐவர்மெக்டினைப் பற்றி ஒரு வார்த்தை. கோவிட் காலத்தில் அம்மருந்தின் பெயர் தேவையில்லாத சர்ச்சைகளில் அடிபட்டதால், அதைக் கண்டாலே சந்தேகப்படும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன். இப்புழுவுக்கு அதுதான் முதல் மருந்து. ஜப்பானின் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து, அவரும் வில்லியம் கேம்பலும் செய்த ஆய்வுகளின் வழியாக உருவானது அது. 2015இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம் ஆகிறது. அடங்கியிருக்கும் தொற்றுக்கு ஓரிரு நாள் மருந்து போதும். மிகைத்தொற்றில் தினமும் கொடுத்து, மலமும் சளியும் புழுவற்றவை என்று ஆனபிறகும் இரண்டு வாரங்கள் தொடரவேண்டும். தன்னைத்தானே தொற்றும் சுற்று ஒருமுறை முடிய ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகிறது என்பதே அதற்குக் காரணம். உங்கள் தந்தையாருக்கு எத்தனை நாள் கொடுக்கப்பட்டது, கடைசியாகச் செய்த பரிசோதனைகள் எப்போது புழுவற்றவையாக வந்தன என்பதை மருத்துவமனை கொடுத்த வெளியேற்றச் சுருக்கத்தில் (டிஸ்சார்ஜ் சம்மரி) பாருங்கள். அந்த விவரம் அதில் இல்லையென்றால், இந்த வாரமே சென்று கேளுங்கள்.

மறுபடி வருமா என்ற உங்கள் அச்சம் நியாயமானது. ஒரே ஒரு புழு எஞ்சியிருந்தாலும் அது மீண்டும் பெருகக்கூடியது என்பதால், இந்நோயில் தொற்றைக் குறைத்தால் போதாது, முற்றாக ஒழிக்கவேண்டும். ஸ்டீராய்டை நீங்களாகவே ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால், உடல் தானே சுரக்கவேண்டிய கார்ட்டிசால் சுரக்காமல் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். கொப்புள நோயும் திரும்பும். அளவைப் படிப்படியாகக் குறைத்து, பெம்பிகஸை அடக்க ஸ்டீராய்டைச் சார்ந்திராத வேறு மருந்துகளுக்கு மாற்ற முடியுமா என்பதைத் தோல் மருத்துவரும், தொற்றுநோய் அல்லது நுரையீரல் மருத்துவரும் சேர்ந்து முடிவுசெய்யவேண்டும். ஸ்டீராய்டு தொடரும்வரை மலப் பரிசோதனையைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பச் செய்வதும், தேவையென்று கருதினால் ஐவர்மெக்டினை அவ்வப்போது மீண்டும் கொடுப்பதும் வழக்கத்தில் உள்ள முறைகளே. இதை நீங்களாகவே எடுத்துச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எதையும் அவர் சாப்பிடுகிறார் என்றால் அதையும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

இனி இருமல் வந்தால் எல்லாமே புழு என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு நம் நாட்டில் முதலில் தேடவேண்டியது காசநோய். நியூமோசிஸ்டிஸ் என்னும் நுரையீரல் தொற்றும் உண்டு. நெடுங்காலம் ஒட்டுண்ணிகளின் கூட்டத்தில் வைத்துப் படிக்கப்பட்டு, 1988இல் மரபணு ஆய்வால் பூஞ்சை என்று நிறுவப்பட்ட அது, அதிக அளவு ஸ்டீராய்டு எடுப்பவர்களைத் தாக்குகிறது. அதைத் தடுக்கக் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை அவருக்குத் தேவையா என்றும் கேளுங்கள். யானைக்கால் புழுவால் வரும் வெப்பமண்டல ஈசினோஃபிலியா என்ற இழைப்பு நோயும் டெல்டா மருத்துவர்களுக்குப் பழக்கமானதே. ஆனால் அதில் ஈசினோஃபில் மிக அதிகமாக உயர்ந்திருக்கும், மருந்தும் வேறு. காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம், வயிற்று உப்புசம், தொப்புளைச் சுற்றி ஊதா நிறப் புள்ளிகள் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். போனவுடன், இப்புழு முன்பு இருந்தது என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லவேண்டும்.

அம்மாவையும் குழந்தையையும் பற்றி. சாதாரண நிலையில் இது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரடியாகத் தொற்றுவது அரிது. வெளியேறும் இளம்புழு தோலைத் துளைக்கும் பருவத்தை அடைய மண்ணில் சில நாள்கள் தேவை. மிகைத்தொற்றின்போது மட்டும் அந்தப் பருவத்துப் புழுக்களே மலத்திலும் சளியிலும் வெளிவருவதால், அவரைச் சுத்தம்செய்தவர்கள் கையுறை அணிந்திருக்கவேண்டும். இப்போது பரிசோதனைகள் புழுவற்றவையாக வந்துவிட்டன என்றால் ஒரே வீட்டில் இருப்பதிலோ, சேர்ந்து சாப்பிடுவதிலோ, பேரன் தாத்தாவின் மடியில் உட்காருவதிலோ எந்தத் தடையும் இல்லை. ஆனால் அதே வயலில் அதே வெறுங்காலோடு நாற்று நட்டவர் உங்கள் தாயார். அவருக்குத் தொற்று இருந்தால் அது கணவரிடமிருந்து வந்ததாக இருக்காது, அந்த மண்ணிலிருந்தே வந்திருக்கும். ஆகவே அவருக்கு மலப் பரிசோதனையும் எலைசாவும் கட்டாயம் செய்யுங்கள். இருப்பது தெரிந்தால் ஓரிரு நாள் மாத்திரையில் தீர்ந்துவிடும். மூட்டுவலிக்கென்று ஊரில் கிடைக்கும் பெயர் தெரியாத மாத்திரைகள் எதையும் அவர் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, சாப்பிடுபவருக்கே அது தெரிவதில்லை.

உங்கள் கடிதத்தை முன்வைத்து என் சக மருத்துவர்களிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். ஸ்டீராய்டு எழுதும் முன் சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய் ஆகியவற்றைப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. வயலிலோ, தோட்டத்திலோ, செங்கல் சூளையிலோ மண்ணோடு உழைத்தவரா என்ற ஒரு கேள்வியையும் அதோடு சேர்த்துக்கொள்ளவேண்டும். 2020இல் கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 6 மில்லிகிராம் பத்து நாள்வரை என்பது உலகெங்கும் வழக்கமானபோது, அதைத் தொடர்ந்து இப்புழு பெருகிய நோயாளிகள் பதிவானார்கள். இப்புழு பரவலாக உள்ள பகுதிகளைச் சேர்ந்தவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே ஐவர்மெக்டின் கொடுப்பது பரிந்துரைக்கப்பட்டது. உலக அளவில் 30 கோடி முதல் 60 கோடிப் பேருக்கு இத்தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பரவல் ஐந்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதிகளில், பள்ளிப் பருவம் முதல் எல்லோருக்கும் ஆண்டுக்கொருமுறை ஐவர்மெக்டின் தரலாம் என்று 2024இல் அது வழிகாட்டுதலும் வெளியிட்டது. உழவர்களின் உடலில் இத்தனை காலம் கவனிக்கப்படாமல் கிடந்த ஒன்று இப்போதாவது கணக்கில் வருகிறது என்பதில் எனக்கு நிறைவு உண்டு. பரிசோதனை வசதி மாவட்ட மருத்துவமனைகள்வரை இறங்கவேண்டும் என்ற ஆதங்கமும் உண்டு.

மகனுக்கு நீங்களாக ஐவர்மெக்டின் வாங்கிக் கொடுக்காதீர்கள். 15 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கு அது வழக்கமாகத் தரப்படுவதில்லை. நான்கு வயதுக் குழந்தை அந்த எல்லையை ஒட்டியே இருப்பான் என்பதால் எடை பார்த்து, மலப் பரிசோதனை செய்து, குழந்தைகள் மருத்துவரிடம் காட்டினால் போதும். ஊருக்குப் போகும்போது அவனுக்குச் செருப்பு போட்டுவிடுங்கள். அப்பா மீண்டும் வயலில் இறங்க விரும்பினால், ஸ்டீராய்டின் அளவு குறைந்து மருத்துவர் சம்மதித்த பிறகு, முழங்கால்வரை மூடும் ரப்பர் பூட்ஸ் அணிந்து இறங்கட்டும். அடுத்த முறை தோல் மருத்துவரிடம் செல்லும்போது, சளியில் புழு கண்ட அந்த ஆய்வக அறிக்கையின் நகலைக் கோப்பின் முதல் தாளாக வைத்து எடுத்துச் செல்லுங்கள்.